டன்னேஜ் அண்ணனின் அறுநூறு கிலோ கப்பல்

தேனி மாவட்டத்திலிருந்து விண்வெளிக்குக் கிளம்பத் தயாராக இருந்த ஒரே மனிதர் டன்னேஜ் அண்ணன்தான். ஏதோ ஆசைப்பட்டார், கற்பனை செய்தார் என்று நினைத்துவிடாதீர்கள். சாமான் கட்டியாகிவிட்டது, எடை போட்டாகிவிட்டது, யார் எங்கே உட்காருவது என்பதுவரை முடிவாகிவிட்டது. கிளம்புவது ஒன்றுதான் பாக்கி. அந்த ஒன்றிலேயே பதினோரு வருடம் ஓடிப்போனது.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் எனக்குத் தெரியாது. உத்தமபாளையத்துக்கும் சின்னமனூருக்கும் நடுவே, கம்பம் ரோட்டு ஓரத்தில், லாரிகளை எடை போடும் வேபிரிட்ஜ் ஒன்று இருந்தது. அதை இயக்கியவர் அவர். வருகிற லாரியைப் பார்த்ததும் "டன்னேஜ் எம்புட்டு?" என்று கேட்பார் என்பதால் டிரைவர்கள் அந்தப் பெயரையே அவருக்குச் சூட்டிவிட்டார்கள். அந்தக் கேள்வியை அவர் லாரியோடு நிறுத்தவில்லை என்பதுதான் இந்தக் கதை.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஒரு பூச்சிமருந்துக் கம்பெனியின் பிரதிநிதியாக அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தேன். திராட்சைத் தோட்டம், வாழைத் தோட்டம் என்று பையைத் தூக்கிக்கொண்டு அலைகிற வேலை. ஒருநாள் பஸ் வரவில்லை, சாரல் அடித்தது. ஒதுங்க இடம் தேடி, நின்றுகொண்டிருந்த லாரி ஒன்றின் பின்னால் போய் ஒண்டிக்கொண்டேன். காலுக்குக் கீழே இரும்புத் தகடு இருந்ததை நான் கவனிக்கவில்லை.

"லாரிக்குப் பின்னால யாருய்யா அது? எறங்குங்க! அறுபது கிலோ கூட அடிக்குது!"

ஜன்னல் வழியாக ஒரு ஒல்லியான தலை எட்டிப் பார்த்தது.

"மழைண்ணே" என்றேன்.

"மழை சரிய்யா. இது வாழைத்தாரு லோடு. நீங்க வாழைத்தாரா?"

இல்லை என்று ஒப்புக்கொண்டு இறங்கினேன். லாரி போனதும் அவரே என்னை உள்ளே கூப்பிட்டார். துண்டு தருவார் என்று பார்த்தால், மூட்டை நிறுக்கும் தராசில் ஏறச் சொன்னார். "வெளிய பத்துப் பத்துக் கிலோவாத்தேன் காட்டும் தம்பி. உங்களுக்கு ஒரு கொறையும் வரக்கூடாதுல்ல" என்று முள் நிற்கும்வரை காத்திருந்து, ஒரு சீட்டில் '62' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதன் பிறகுதான் துண்டு வந்தது.

அண்ணனுக்குச் சொந்த ஊர் பெரியகுளத்துக்குப் பக்கத்தில் கெங்குவார்பட்டி. ஒன்றரை மணி நேரப் பயணம். ஆனால் லாரி எந்த நேரமும் வரலாம் என்று சொல்லி அவர் அந்த அறையை விட்டு நகரவே மாட்டார். தூக்கம், குளியல், சமையல் எல்லாம் அங்கேயே. பக்கத்தில் மெஸ் நடத்திவந்த செல்வராணி அக்கா அவரைப் பற்றி என்னிடம் சொன்ன முதல் வாக்கியம் இது: "சொந்த ஊருக்குப் போயி ஆறு வருசமாச்சு. இவுகதேன் வானத்துக்குப் போறாக."

வானத்துச் சமாச்சாரம் ஒரு பழைய பேப்பர் லாரியில் வந்தது. மலைமேல் ஏதோ எஸ்டேட் பங்களாவைக் காலி செய்து, புத்தகம் பேப்பரையெல்லாம் மூட்டையாகக் கட்டி இறக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். எடை மேடையில் ஏறிய குலுக்கலில் ஒரு மூட்டை பிரிந்து, கறுப்பு அட்டைப்பெட்டி ஒன்று கீழே விழுந்தது. டிரைவர் "வச்சுக்கங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அண்ணன் அதை எடை போட்டார். முந்நூற்றுப் பத்து கிராம். பிறகுதான் திறந்தார்.

உள்ளே இரண்டு பகடைக் காய்களும் இரண்டு சின்ன இங்கிலீஷ் புத்தகங்களும் இருந்தன. விண்வெளியில் ஊர் சுற்றுகிற ஆட்டம் அது. பலகை கிடையாது, காய் நகர்த்துவது கிடையாது. நாலைந்து பேர் உட்கார்ந்து, பகடையை உருட்டி, பேசியே ஆட வேண்டும். முதல் புத்தகம் ஆட்களையும் அவர்கள் எடுத்துப் போகவேண்டிய சாமான்களையும் பற்றியது. இரண்டாவது, கிரகங்களை உருவாக்குவது எப்படி என்பது. பெட்டியின் மேல் மொத்தம் மூன்று புத்தகம் என்று போட்டிருந்தது. மூன்றாவது, பயணம். அதைக் காணோம்.

பி.யு.சி.யோடு படிப்பை நிறுத்திய அண்ணன் டிக்ஷனரியை வைத்துக்கொண்டு, வாரத்துக்கு ஒரு பக்கம் என்ற கணக்கில் இரண்டு புத்தகத்தையும் படித்து முடித்திருந்தார். எங்கேயாவது கப்பல் கிளம்புகிற கட்டம் வந்தால் 'மூன்றாம் புத்தகம் பார்க்க' என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கும். அவர் பொறுமையாக அடுத்த பத்திக்குப் போய்விடுவார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் லாரி குறைவு. நான், செல்வராணி அக்கா, உத்தமபாளையம் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த ரஹமத்துல்லா பாய், இந்த மூன்று பேரையும் சாப்பாடு முடிந்த கையோடு பிடித்து உட்கார வைத்துவிடுவார். நாங்கள்தான் கப்பல்காரர்கள்.

அந்த ஆட்டத்தில் ஆள் சேர்ப்பது சாமானியம் இல்லை. நம்முடைய ஆள் முதலில் விண்வெளிப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டுத்தான் ஆட்டத்துக்குள் வரவேண்டும். நாலு வருடத்துக்கு ஒருமுறை பகடை உருட்ட வேண்டும். எண் சரியாக விழாவிட்டால் ஆள் காலி. என் ஆள் முதல் உருட்டிலேயே செத்தான். இரண்டாவது ஆளும் செத்தான். மூன்றாவது ஆளுக்கு நல்ல பெயராக யோசித்து வைத்தேன், அவன் பெயர் எழுதிய மை காய்வதற்குள் போய்விட்டான்.

"இது என்னய்யா வெளாட்டு?" என்றார் அக்கா. "ஆளு இன்னும் வாசப்படியத் தாண்டல. அதுக்குள்ள மூணு கருமாதி பண்ணிட்டீக. இங்கன குடுங்க அந்தத் தாயக்கட்டைய."

அக்கா எனக்காக உருட்டிய நாலாவது ஆள் ஐம்பது வயதுவரை கல்லுமாதிரி இருந்து ஓய்வுபெற்றான். எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அண்ணன் அன்றைக்குக் கொடுத்த சீட்டின் நகலைத் தேடி எடுத்து, அவன் பெயருக்கு நேரே 62 என்று எழுதினார். "ஆளு எவனா வேணா இருக்கட்டும் தம்பி. ஒக்காரப்போறது நீங்க. எடை உங்க எடை."

பாய் எழுபத்தொன்று. அண்ணன் ஐம்பத்து நான்கு. அக்கா தராசில் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்ததால் அண்ணன் தூரத்திலிருந்தே பார்த்து அறுபத்தெட்டு என்று போட்டுக்கொண்டார். "கண்ணு அவிஞ்சு போகும்" என்று அக்கா திட்டினாரே தவிர, தப்பு என்று சொல்லவில்லை.

முதல் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்ததிலேயே சின்னக் கப்பலை அண்ணன் தேர்ந்தெடுத்தார். எதையெதையோ கூட்டிக் கழித்து, ஆளும் சாமானும் சேர்த்து அறுநூறு கிலோ என்று முடிவு கட்டினார். அன்றைக்குப் பிடித்தது சனி. அடுத்த மூன்று வருடம் நாங்கள் அந்த அறுநூறு கிலோவுக்குள்தான் அடித்துக்கொண்டு கிடந்தோம்.

புத்தகத்தில் ஒவ்வொரு சாமானுக்கும் எடை போட்டிருந்தது. அண்ணன் அதை நம்பவில்லை. "எழுதுனவன் தராசுல வச்சுப் பாத்தானான்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டு, நிஜ சாமானையே கொண்டுவரச் சொல்லி நிறுத்துத்தான் குறிப்பார். கயிற்றுக்குக் கிணற்றுக் கயிறு வந்தது. கூடாரத்துக்கு லாரித் தார்ப்பாய் வந்தது. ஒரு வாரச் சாப்பாடு இரண்டு கிலோ என்று புத்தகம் சொன்னதைக் கேட்டு அக்கா கையைத் தட்டிச் சிரித்தார். "ரெண்டு கிலோவுல ஒரு வாரமா? எழுதுனவனுக்குப் பொண்டாட்டி சோறு போடலைபோல."

விண்வெளி உடைக்குத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. கடைசியில் ஏலக்காய்த் தோட்டத்து வேலையாட்கள் போடும் கனமான மழைக்கோட்டு ஒன்று, யாருடையதோ ஹெல்மெட் ஒன்று, ஆக்சிஜன் தொட்டிக்குப் பதிலாக என் கம்பெனி ஸ்பிரேயர். மூன்றையும் எனக்கு மாட்டித் தராசில் ஏற்றினார்கள். முள் ஆடிக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. நான் ஆறு மாதமாக நடையாய் நடந்து பேசிவைத்திருந்த திராட்சைத் தோட்டத்துக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன சார், புது மருந்தா?"

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து நான் என்னவோ சொன்னேன்.

"அடிக்கிறவருக்கே இம்புட்டு வேணும்னா அது பழத்துக்கு ஆகாது சார்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தத் தோட்டத்தில் அதற்கப்புறம் என் கம்பெனி மருந்து ஒரு சொட்டுகூட விழவில்லை. அண்ணனுக்கு அதெல்லாம் காதிலேயே ஏறவில்லை. "பதினேழரை" என்று எழுதிக்கொண்டார்.

பொதுச் சாமான் போக ஆளுக்கு ஆள் சொந்தச் சாமானும் உண்டு. அக்காவுக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம். பாய்க்கு மூன்று சட்டப் புத்தகம். எனக்கு ஒரு பாக்கெட் ரேடியோ, முந்நூறு கிராம். அண்ணன் பெயருக்கு நேரே ஒரே ஒரு சாமான்தான் இருந்தது. இருபது கிலோ எடைக்கல்.

ஆமாம், இரும்புக் கல். வேபிரிட்ஜைச் சோதிப்பதற்காக அந்த அறையின் மூலையில் இருக்கும். அதை அவர் வாரத்துக்கொருமுறை எண்ணெய் போட்டுத் துடைப்பார். அறுநூறு கிலோவுக்குள் அடங்காமல் நாங்கள் காப்பித்தூளையும் போர்வையையும் கழித்துக்கொண்டிருந்தபோது இந்தக் கல் மட்டும் சும்மா உட்கார்ந்து சவாரி செய்தது.

"யாத்தே, கல்லத் தூக்கிட்டு வானத்துக்குப் போறாகளா?" என்றார் அக்கா. "அத எறக்கிட்டு என் கிரைண்டர ஏத்துங்க."

"அங்கன தராசு சரியா இருக்குன்னு யாரு கண்டா?" என்றார் அண்ணன். "கல்லு இல்லாம போனா அவன் சொல்றதுதேன் எடை."

பாய் கோர்ட்டில் பழகிய ஆள். யோசித்து ஒருநாள் குறுக்கு விசாரணையை ஆரம்பித்தார். "அண்ணே, சின்னக் கிரகத்துல எல்லாமே எடை கம்மியா இருக்கும்னு உங்க புத்தகத்துலயே போட்டுருக்கா, இல்லையா?"

"போட்டுருக்கு."

"அப்ப அங்கன இந்தக் கல்லு இருபது கிலோ இருக்காது. சரியா?"

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. அதற்கப்புறம் இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அக்கா என்னிடம் வருத்தப்பட்டார். மூன்றாம் நாள் காலை, நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது, ஜன்னலிலிருந்து கத்தினார். "தம்பி! பாய்கிட்டச் சொல்லுங்க! கல்லு கொறையும். ஆனா தட்டுல அந்தப் பக்கம் வைக்கிற சாமானும் சேந்துதேன் கொறையும்! ரெண்டும் ஒண்ணாக் கொறஞ்சா முள்ளு நடுவுலதேன் நிக்கும்! கல்லு எந்த ஊருலயும் பொய் சொல்லாது!"

கல் கப்பலிலேயே இருந்தது.

கிரகம் உண்டாக்குவது இன்னொரு தனி ஆனந்தம். பகடையை உருட்டினால் எவ்வளவு பெரிசு, காற்று எப்படி, தண்ணீர் எவ்வளவு, ஜனம் எவ்வளவு, ஆட்சி யாருடையது, சட்டம் எத்தனை கெடுபிடி என்று வரிசையாக எண்கள் விழும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒரு உலகத்தையே யோசிக்க வேண்டும். அண்ணன் அந்த எண்களை லாரி நம்பர்மாதிரி சுவரில் வரிசையாக எழுதிவைத்திருந்தார். மொத்தம் நாற்பது கிரகம். போகிற வழியும் கோடுபோட்டு இருக்கும்.

ஒரு கிரகத்துக்குத் தண்ணீர் பூஜ்யம் என்று விழுந்தது. ஆனால் ஜனம் லட்சக்கணக்கில். எப்படிப் பிழைக்கிறார்கள் என்று நான் கேட்டேன். "பக்கத்துக் கிரகத்துல அணை இருக்கு. மலையக் கொடஞ்சு தண்ணி வருது" என்றார் அண்ணன். "அங்கனயும் நம்ம ஊரு அணைக் கதையா?" என்று அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார். இன்னொரு கிரகத்தில் சட்டம் ரொம்பக் கெடுபிடி, கத்திகூட உள்ளே போகக்கூடாது. அக்காவின் அரிவாள்மணை ஆயுதமா, அடுப்படிச் சாமானா என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை வாதம் நடந்தது. பாய் அந்தக் கிரகத்துச் செக்போஸ்ட்டுக்குப் பச்சைத் தாளில் மனுவே எழுதிவிட்டார்.

பிறகு அந்தக் கிரகம் வந்தது. சுவரின் கோடியில், ஜன்னலுக்குப் பக்கத்தில் எழுதியது. காற்று நன்றாக இருந்தது. தண்ணீர் தாராளம். ஜனம் என்ற இடத்தில் மட்டும் பகடை ரொம்பக் குறைவாக விழுந்தது. கூட்டிக் கழித்துப் பார்த்ததில் மொத்த ஜனத்தொகை ஒன்று. அடுத்த உருட்டில் ஆட்சிமுறை விழுந்தது. மக்களாட்சி.

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். "எலெக்ஷன்ல நின்னு டெபாசிட் போயிருக்குமாண்ணே?"

பாயும் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார், பகடையைப் பார்த்தார். "ஒத்தை ஆளு" என்றார். "அவரு யாருகிட்டப் பேசுவாரு?"

அன்றிலிருந்து எங்கள் கப்பல் போகவேண்டிய இடம் அதுதான் என்றாகிவிட்டது. மற்ற முப்பத்தொன்பது கிரகமும் வழியில் இருக்கிற ஊர்கள். பொதுச் சாமானில் புதிது புதிதாக அயிட்டம் சேர்ந்தது. அந்த மனிதருக்கு ஒரு வேட்டி. அந்த மனிதருக்கு ஒரு தாயக்கட்டை. "ஒத்தை ஆளா எப்படி வெளாடுவாரு?" என்று நான் கேட்டதற்கு, "நம்ம போயிருவோம்ல" என்று பதில் வந்தது. ஒருநாள் தேங்காய் லாரி டிரைவர் ஒருவர் சுவரைப் பார்த்துவிட்டு, "ரிட்டர்ன் லோடு என்னண்ணே? காலியா வருவீகளா?" என்று தொழில்முறையில் கேட்டார். அண்ணன் சாமான் எழுதிவைத்த நோட்டை அவசரமாகத் திருப்பினார். அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "அந்த மனுசனையே ஏத்திட்டு வாங்க. இங்கன சோத்துக்கா பஞ்சம்?"

அந்த யோசனை அண்ணனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அந்த ஒத்தை ஆள் எத்தனை கிலோ இருப்பார் என்று ஒரு மாதம் யோசித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் கப்பல் கிளம்பவில்லை. கிளம்புவது எப்படி என்பது மூன்றாம் புத்தகத்தில் இருக்கிறது. பழைய பேப்பர் லாரி எது வந்தாலும் அண்ணன் மேலே ஏறி மூட்டை மூட்டையாகத் தேடுவார். தேனிக்குப் போகிறவர்களிடமெல்லாம் பழைய புத்தகக் கடையில் பார்க்கச் சொல்வார். நாங்கள் வாரா வாரம் கூடி, சாமானைச் சரிபார்த்து, எடையைக் கூட்டி, அறுநூறு என்று எழுதிக் கோடு போட்டுவிட்டுக் கலைவோம். இது ஆட்டமே இல்லை, ஆட்டத்துக்கு முந்தின வேலை என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

எனக்கு மாற்றல் வந்தது. விழுப்புரம். பத்து நாளில் போய்ச் சேர வேண்டும்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை நான் அண்ணனிடம் கெஞ்சினேன். "அண்ணே, இன்னைக்குக் கிளம்பிடுவோம். மூணாவது புத்தகம் இல்லாட்டி என்ன? நம்மளே ஒரு விதி எழுதிக்குவோம். பகடையை உருட்டுவோம். ஆறு விழுந்தா போய்ச் சேர்ந்துட்டோம்."

"அப்படிப் போகக்கூடாது தம்பி."

"ஏன் கூடாது?"

"வழி தெரியாம வண்டிய எடுத்து, நடுவுல நின்னா நாலு உசுரு."

"இது விளையாட்டுண்ணே!"

"உங்க எடை நெசந்தான?" என்றார்.

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ தெரியாது. போகப் பிடிக்காத ஊருக்குப் போகிற எரிச்சலை யார்மேலாவது கொட்ட வேண்டியிருந்தது. "நீங்க கெங்குவார்பட்டிக்கே போகாத ஆளு. நீங்க எங்கயும் போக மாட்டீங்க. இது கப்பல் இல்ல, வெறும் லிஸ்ட்" என்றேன்.

பாய் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா "தம்பி" என்று மட்டும் சொன்னார். அண்ணன் நோட்டை மூடி, மேஜை டிராயரில் வைத்தார். வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது. எழுந்து ஜன்னலுக்குப் போய், "டன்னேஜ் எம்புட்டு?" என்று கேட்டார். குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை. நான் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறினேன்.

விழுப்புரம், அப்புறம் கடலூர், அப்புறம் சென்னை. கல்யாணம், வேறு கம்பெனி, வேறு நாற்காலி. எட்டு வருடம். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுப் படுத்தால் எனக்குத் தூக்கம் வராது. அந்த நேரத்தில் எங்கேயோ போகவேண்டியது இருந்ததுபோலவே இருக்கும். ரொம்ப ஏங்கியிருக்கிறேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது. ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். என்ன எழுதுவது என்று தெரியாமலே வருடங்களைக் கடத்தினேன்.

வீட்டுக்கு இன்டர்நெட் வந்தபோது முதலில் தேடியது அந்தக் கறுப்புப் பெட்டியைத்தான். உலகம் பூராவும் அந்த ஆட்டத்துக்குப் பைத்தியங்கள் இருப்பது தெரிந்தது. ஒரு குழுவில், எடை மேடையில் வேலை பார்க்கும் ஒருவர் மூன்றாம் புத்தகம் இல்லாமல் காத்துக்கொண்டிருக்கிறார் என்று எழுதிப்போட்டேன். முகம் தெரியாத யாரோ ஒருவர், தன்னிடம் இரண்டு பிரதி இருக்கிறது என்று சொல்லி ஒன்றைத் தபாலில் அனுப்பிவைத்தார். எங்கிருந்தோ வந்த அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமலே எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போய் இறங்கினேன். வேபிரிட்ஜ் அறைக்குப் புது பெயின்ட் அடித்திருந்தார்கள். கம்ப்யூட்டர் வந்திருந்தது. சுவரில் கிரகங்கள் இருந்த இடத்தை மட்டும் பெயின்ட்காரன் தொடவில்லை. அண்ணன் நரைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தார், வாங்க என்று சொல்லவில்லை. தராசைக் காட்டினார்.

"மொதல்ல இதப் பாருங்கண்ணே" என்று பொட்டலத்தை நீட்டினேன்.

பிரித்தார். அட்டையைப் பார்த்தார். வாயை அசைத்து அதன் பெயரை ஒருமுறை படித்தார். அப்புறம் அதைச் சின்னத் தராசில் வைத்தார். "நூத்திப் பத்து கிராம்" என்றார். கண் கலங்கியிருந்தது.

செல்வராணி அக்கா மெஸ்ஸிலிருந்து ஓடி வந்து என் முதுகில் ஒன்று வைத்தார். பாய்க்குப் போன் போனது, அரை மணியில் வந்துவிட்டார். அண்ணன் டிராயரைத் திறந்து நோட்டை எடுத்தார். அதே நோட்டு. புத்தகத்தைச் சேர்க்க இடம் தேடிப் பக்கத்தைத் திருப்பியபோது என் பெயரைப் பார்த்தேன். ரேடியோ, முந்நூறு கிராம். ஆள், 62. பக்கத்தில் 'வெளியூர்' என்று பென்சிலில் எழுதியிருந்தது.

"எட்டு வருசம்" என்றார் அக்கா. "தம்பிதேன் போயிட்டாகளே, அந்த அறுபத்திரண்டு கிலோவுல என் கிரைண்டர ஏத்துங்கன்னு கேக்காத நாளு இல்ல. அசைஞ்சாகளா? பாய் சட்டப் புஸ்தகம் கேட்டாரு. அதுக்கும் முடியாதுன்னுட்டாக."

"எடம் காலியா இல்லையே" என்றார் அண்ணன். "ஆளு வெளியூரு."

நான் போய்த் தராசில் ஏறினேன். முள் அறுபத்திரண்டைத் தாண்டியது, எழுபதைத் தாண்டியது, நிற்கவே மாட்டேன் என்றது. கடைசியில் நின்ற இடம் எண்பத்தொன்று.

"பத்தொம்பது கிலோ கூடுதல்" என்றார் பாய். "கப்பல் எந்திரிக்காது."

"நான் இறங்கிக்கிறேண்ணே" என்றேன். விளையாட்டாகத்தான் சொல்ல நினைத்தேன். குரல் அப்படி வரவில்லை. "அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

அண்ணன் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை. நோட்டை நேராக வைத்து, ஸ்கேலை எடுத்து, தன் பெயருக்கு நேரே இருந்த 'எடைக்கல், 20 கிலோ' என்ற வரியின் குறுக்கே நிதானமாக ஒரு கோடு இழுத்தார்.

பாய்தான் மெதுவாகக் கேட்டார். "அண்ணே, அங்கன தராசு தப்பா இருந்தா?"

"இருந்துட்டுப் போகுது" என்றார் அண்ணன். "தம்பி வர்றாருல்ல."

புத்தகத்தின் நூற்றுப் பத்து கிராமும் போக எண்ணூற்றுத் தொண்ணூறு கிராம் மிச்சம் வந்தது. அதில் அரைக் கிலோ காப்பித்தூளை ஏற்றிக்கொள்ள அக்காவுக்கு அனுமதி கிடைத்தது. மூன்றாம் புத்தகத்தின் முதல் பக்கத்தை அண்ணன் டிக்ஷனரியும் கையுமாகப் படித்தார். இரண்டு பகடையை உருட்ட வேண்டும், அவ்வளவுதான். நாலு பேரும் ஒருமுறை காயைத் தொட்டோம். அக்கா உருட்டினார். சாயங்காலம் நாலரை மணிக்கு, பதினோரு வருடம் கழித்து, கப்பல் கிளம்பியது.

ஒரு கிரகத்திலிருந்து அடுத்த கிரகத்துக்குப் போய்ச் சேர ஒரு வாரம் ஆகும் என்று மூன்றாம் புத்தகம் சொல்கிறது. நான் சென்னைக்குத் திரும்பிவிட்டேன், ஆனாலும் கப்பலில்தான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் வரும். "தம்பி, தண்ணி இல்லாத கிரகத்தத் தாண்டிட்டோம். அக்கா அங்கன ஒரு கொடம் தண்ணி குடுத்துட்டு வந்தாக" என்பார். செக்போஸ்ட்டில் பாயின் மனு ஜெயித்துவிட்டது. அந்த ஒத்தை ஆள் இருக்கிற கிரகத்துக்கு இன்னும் ஒன்பது வாரம் இருக்கிறது. போனை வைக்கும் முன் தவறாமல் ஒரு கேள்வி வரும். "எடை எம்புட்டு தம்பி?"

போன வாரம் எண்பத்திரண்டு. எண்பத்தொன்று என்று பொய் சொல்லிவிட்டேன். டாக்டர் மூன்று வருடமாகச் சொல்லியும் நடக்காத ஆள் நான். மறுநாள் காலை ஐந்தரைக்கு எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன், இன்றுவரை ஒருநாள்கூட விடவில்லை. அண்ணன் பெயருக்கு நேரே இருந்தது அந்த ஒரு கல்தான், அதையும் எனக்காக அடித்துவிட்டார். இனிமேல் நான் கூடினால் அங்கே அடிப்பதற்கு மிச்சம் இருப்பது அண்ணனின் ஐம்பத்து நான்கு கிலோ மட்டும்தான். அதையும் யோசிக்காமல் அடித்துவிடுவார், எனக்குத் தெரியும்.